பேஷன்ட் பேரு சொல்லுங்க

மணி அடித்ததும் முதலில் பேனாவின் மூடியைக் கழற்றுவார். அதற்குப் பிறகுதான் ரிசீவரைத் தொடுவார். இரண்டாவது மணி ஓய்வதற்குள் குறிப்பேடு பக்கத்தில் வந்திருக்கும், ரிசீவர் தோளுக்கும் காதுக்கும் நடுவே ஏறியிருக்கும். அதுவரை இருமிக்கொண்டிருந்த தொண்டையிலிருந்து வேறு யாரோ ஒரு பெண்ணின் குரல் வரும். "வணக்கம், ஆஸ்பத்திரி. பேஷன்ட் பேரு சொல்லுங்க."

மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சன்னல் இல்லாத அறை அது. இருபத்தாறு வருடங்களாக அங்கேதான் இருக்கிறார். சுவரில் எல்லா வார்டுகளின் எண்களும் அவர் கையெழுத்திலேயே ஒட்டியிருக்கின்றன. அதைப் பார்த்து அவர் யாருக்கும் இணைப்புக் கொடுத்ததில்லை, எல்லாம் விரலில் இருக்கிறது. பெரிய டாக்டரிலிருந்து கூட்டிப் பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவர் ஆபரேட்டரம்மா. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

எதைச் சொன்னாலும் ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிபார்க்காமல் விடமாட்டார். வீட்டுக்கு காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம்கூட, "கதவு நம்பரைத் திருப்பிச் சொல்லுங்க" என்பார். அந்த ஆள் அதே கதவுக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருப்பார். கேலி செய்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். "அழுதுக்கிட்டே பேசுறவங்க பேரைத் தப்பாச் சொல்லுவாங்க. ஒரே பேர்ல மூணு பேர் படுத்திருப்பாங்க. அடுத்தவங்க அப்பாவுக்காக இவங்க அழுதுட்டிருப்பாங்க" என்று விளக்கம் சொல்லுவார். போனில் யார் எப்படிக் கதறினாலும் அவர் குரல் ஏறாது, இறங்காது. அந்தக் குரலுக்காக ஒருமுறை அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். அந்தக் குரலால்தான் மகன் விலகிப் போனான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் கணவரை அதே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஒரு காலையில் மேலே வார்டிலிருந்து, அவர் போய்விட்டார் என்று செய்தி வந்தது. எழுந்து போகலாம் என்றால் மாற்று ஆள் இன்னும் வந்து சேரவில்லை. அப்போது மகன் வேலை செய்யும் ஊரிலிருந்து போன் செய்தான். "அப்பா எப்படி இருக்கார்?" நோயாளியின் நிலையை டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஆபரேட்டர் சொல்லக் கூடாது என்பது சட்டம். சட்டத்தை விடுங்கள், அந்த நிமிடத்தில் அவருக்கு வேறு வார்த்தையே வாயில் வரவில்லை. "வார்டுக்குக் கொடுக்கறேன், லைன்ல இருங்க" என்றார். யாரோ ஒருவனிடம் பேசுவதுபோல, "இருங்க" என்று. அவன் ஐந்து நிமிடம் லைனில் இருந்தான். காரியம் முடிந்த அன்று, "உனக்கு நானும் ஒரு லைன்தானேம்மா" என்று கேட்டுவிட்டுப் போனவன், அப்புறம் கூப்பிடவில்லை. இவர் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. கொஞ்ச நாளில் இவரும் விட்டுவிட்டார்.

போன மாதம் ஒரு விடுமுறை நாள், மத்தியானம். நாற்காலியில் ஏறி மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. தெரியாத எண். எடுத்தவுடன் ஒரே அழுகை. "அம்மா, நான்தாம்மா. வண்டியில ஒருத்தரை இடிச்சுட்டேன்மா. என்னைக் காப்பாத்தும்மா."

ஆயிரம் குரல்களைப் பிரித்தறிகிற காது அது. ஆனாலும் ஏமாந்தது. "அழுகைக்கு ஆள் அடையாளம் கிடையாது" என்று இப்போது சொல்கிறார். அழுகைக்குப் பின்னால் வக்கீல் என்று ஒருவன் வந்தான். போனை வைக்கக் கூடாது, யாரிடமும் மூச்சு விடக் கூடாது, உடனே பணம் கட்டினால் வழக்கு இல்லாமல் முடித்துவிடலாம் என்றான். கணவரின் அலுவலகத்திலிருந்து வந்த பணம் அப்படியே இருந்தது. மகன் என்றாவது வருவான், அவன் கையில் கொடுக்கலாம் என்று ஒரு காசு தொடாமல் வைத்திருந்தது. கொடுக்கும் நாள் வந்துவிட்டது என்றுதான் அவர் நினைத்தார். அந்தப் பயத்துக்கு நடுவிலும் அடியாழத்தில் ஒரு சந்தோஷம் இருந்ததாம். அவனுக்கு ஒன்றென்றால் என்னைத்தானே கூப்பிட்டான் என்று.

கணக்கு எண்ணைப் போட்டாகிவிட்டது. கடைசிப் பொத்தான்தான் பாக்கி. பழக்கதோஷம், எண்ணை ஒருமுறை திருப்பிச் சொன்னார். வக்கீல், "சரிதாம்மா, அனுப்புங்க" என்றான். அந்தச் 'சரி'யைக் கேட்டதும் அவரை அறியாமல் அடுத்த கேள்வி வாயிலிருந்து விழுந்தது.

"பேஷன்ட் பேரு சொல்லுங்க."

"யாரு?"

"உள்ள இருக்கறவர் பேரு. முழுப் பேரா சொல்லுங்க."

"உங்க பையன்தாம்மா. விளையாடுற நேரமா இது?"

"பேரு, சார்."

இணைப்பு அறுந்தது.

தப்பித்தோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. பெற்ற பிள்ளை அழும்போது மறுபடியும் அதே குரலில், அதே கேள்வியைக் கேட்டுவிட்டோமே என்றுதான் தோன்றியது. மகனின் எண்ணை அழுத்தினார். நான்காவது முறை எடுத்தான்.

"என்ன?"

பின்னால் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ சிரித்தார்கள். போலீஸ் இல்லை, விபத்து இல்லை, அவன் வேலையில் நன்றாக இருந்தான்.

"ஒண்ணுமில்லப்பா. குரலைக் கேக்கணும்போல இருந்துச்சு."

"கேட்டாச்சா?"

"ம்."

அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் விஷயம் பரவியதும் அவரைக் கூட்ட அறையில் நிற்கவைத்துக் கைதட்டினார்கள். எல்லோருக்கும் அவரே பாடம் எடுத்தார். "அவசரப்படுத்துனா போனை வைங்க. சொந்தக்காரங்க நம்பருக்கு நீங்களே கூப்பிட்டுப் பாருங்க. தெரியாத நம்பரை எடுக்காதீங்க." அதை அச்சடித்து வார்டுக்கு வார்டு ஒட்டியிருக்கிறார்கள். அவர் அறைக் கதவிலும் ஒன்று உண்டு. மகனிடம் பேசியதை அங்கே அவர் சொல்லவில்லை. அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் என்னிடம் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். "திருட்டுப் பயதான். ஆனா இந்த ரெண்டு வருஷத்துல என்னை அம்மான்னு கூப்பிட்டது அவன் ஒருத்தன்தான்." அந்த எண்ணை இன்னும் அழிக்கவில்லை என்றும் சொன்னார்.

நேற்று நான் அவர் அறையில் இருந்தபோது பிரசவ வார்டு நர்ஸ் ஒருவர் புது எண் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தார். ஆபரேட்டரம்மா பேனாவைத் திறந்து, அதைத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தார். மேசையில் கிடந்த கைபேசி அதிர்ந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, தெரியாத நம்பர். எடுக்காதீங்க. நீங்கதானே எங்களுக்குச் சொன்னீங்க."

ஆபரேட்டரம்மா பேனாவை மூடினார். குறிப்பேட்டைக் கவிழ்த்து வைத்தார். பிறகு கைபேசியை எடுத்துக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் காத்திருந்தார்.