புளியமரங்களுக்கு நான் போட்ட நம்பர்

ரோட்டோரப் புளியமரங்களுக்கு நம்பர் போட்டது நான்தான். அடுத்தவங்க மேல பழி போட வழியே இல்லை.

ஆலங்குடிப் பக்கம் எங்க ஊரு. நூறு நாள் வேலையில ஆள் வருகை எழுதுற பொறுப்பு எனக்கு. வருசா வருசம் புளி ஏலத்துக்கு முன்னாடி மரத்துக்கு மரம் வெள்ளைப் பெயிண்டுல நம்பர் எழுதுவாங்க. இந்த வருசமும் ரோடு ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் டப்பாவோட வந்து, கையெழுத்து அழகா இருக்கிற ஆளு யாருன்னு கேட்டாரு. பெருமை பிடிச்ச கழுதை, நான்தான் முந்திக்கிட்டுப் பிரஷ்ஷை வாங்குனேன். டப்பாவைத் தூக்கிக்கிட்டு என் நாத்தனா கூடவே வந்தா. முடிஞ்சதும் ஒரு காகிதத்தை நீட்டுனாரு. பெயிண்ட் அடிச்சதுக்குத்தானேன்னு வாசிக்காமலே கையெழுத்துப் போட்டேன்.

நாத்தனான்னா என் வீட்டுக்காரரோட தங்கச்சி. புருசன் இல்லாதவ, ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க. போன சித்திரையில கண்மாயில மண்ணு சுமக்கையில வெயில் தாங்காம பொத்துன்னு விழுந்துட்டா. உடம்பு அனலாக் கொதிக்குது, கூப்பிட்டாப் பேச்சு இல்லை. புளியமரத்து நிழலுக்குத் தூக்கிட்டு ஓடி, ஈரத்துணியைப் போட்டு, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். இன்னொரு தடவை வெயில்ல விழுந்தா உசுருக்கு உத்தரவாதம் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அன்னையில இருந்து மரத்தடியில உக்காந்து எல்லாருக்கும் தண்ணி குடுக்கிற வேலையை அவளுக்கு ஒதுக்கியிருந்தேன். எங்க வேலை எல்லாம் ரோட்டை ஒட்டின கண்மாயிலதான்.

ரெண்டு வாரம் கழிச்சு டீக்கடைக்காரர்தான் சொன்னாரு, நாலுவழி ரோடு வருதாம், நம்பர் போட்ட மரம் பூராத்தையும் வெட்டப் போறாங்களாம். கிளாஸைக் கீழ வைக்கக்கூடத் தோணலை. ஏலத்துக்குப் போட்ட நம்பருங்க அதுன்னேன். இந்த வருசம் ஏலமே கிடையாதும்மான்னு அவரு டம்ளரைக் கழுவ ஆரம்பிச்சாரு.

திங்கக்கிழமை மனு நாளுக்குப் புதுக்கோட்டை கலெக்டர் ஆபீஸுக்கு பஸ் ஏறிட்டோம், பதினாலு பொம்பளைங்க. மனுவை நானே எழுதுனேன். போன வருசம் ஒன்றிய ஆபீஸ்ல எங்களை உக்கார வச்சு, பருவநிலை மாறுது, வெயில் கூடிக்கிட்டே போகும், மரத்தை வெட்டாதீங்கன்னு படமெல்லாம் போட்டுக் காட்டுனாங்க. அதையேதான் எழுதுனேன். இருக்கிற ரோட்டைச் செப்பனிட்டாப் போதும், புது ரோடு போட்டா வண்டி பெருகும், புகை பெருகும், நிழலும் போயிடும், இந்த வெயில்ல நாங்க வேலை செய்யவா சாகவான்னு கேட்டிருந்தேன்.

மனு வாங்குன அதிகாரி நல்ல மனுசன், நிதானமா வாசிச்சாரு. ஒரு மரத்துக்குப் பத்துக் கன்னு வைப்போம்னாரு. கன்னு நிழலாக எத்தனை வருசம் ஆகும்னு நான் கேட்கவும், ஃபைலை என் பக்கம் திருப்பினாரு. 'மரங்களை அகற்றுவதில் ஊர் மக்களுக்கு ஆட்சேபணை இல்லை'ன்னு டைப் அடிச்சிருக்கு. அதுக்குக் கீழ என் கையெழுத்து.

"நீங்களே சம்மதிச்சுட்டு நீங்களே மனு குடுத்தா நான் என்னம்மா பண்றது?"

பெயிண்ட் அடிச்சதுக்குன்னு நினைச்சு நான் போட்ட கையெழுத்து அது. மனுவைத் திருப்பி வாங்கி மடிச்சுக்கிட்டேன். என் பின்னாடி பதிமூணு பொம்பளைங்க. ஒருத்தியும் என்னைத் திட்டலை. திட்டியிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஒரே வாரத்துல மெஷினை விட்டு அறுத்துத் தள்ளிட்டாங்க. அத்தனை பெரிய மரங்க, ஒவ்வொண்ணுக்கும் அரைமணி நேரம்கூட ஆகலை. பாத்துக்கிட்டு நின்ன எனக்கு இதெல்லாம் நிசந்தானான்னு இருந்துச்சு.

மறுநாள் வேலைக்கு வந்த நாத்தனா குடத்தை இறக்கி வச்சுட்டு ரோட்டை இங்கிட்டும் அங்கிட்டும் பாத்தா. ஒண்டுறதுக்கு ஒரு இடம் இல்லை. வீட்டுக்குப் போயிரு, ஏதாச்சும் வழி பண்றேன்னு சொன்னேன். என்ன வழின்னு எனக்கே தெரியலை.

"தண்ணி குடுத்தாலும் வெயில்லதான் நிக்கணும், மண்ணு வெட்டுனாலும் வெயில்லதான் நிக்கணும். வீட்டுக்குப் போனா பிள்ளைக என்னத்தைத் திங்கும் மதினி?"

கோவமாக்கூடச் சொல்லலை. சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு, மம்பட்டியோட மத்தவங்க கூடக் கண்மாய்க்குள்ள இறங்கிட்டா. நான் கரையிலேயே நின்னு, வேலை முடியிற வரைக்கும் அவ மேல இருந்து கண்ணை எடுக்கலை.