விளம்பரத்துக்கு நடுவே விழுந்த கோல்

கள்ளக்குறிச்சியில் ஒரு கேபிள் அலுவலகத்தில் போன் எடுப்பது என் வேலை. எங்கள் உள்ளூர் சேனலுக்கு இருப்பது ஒரே கேமரா. ஞாயிற்றுக்கிழமை எந்தக் கால்பந்து ஆட்டத்தைக் காட்டுவது என்பதற்கு முதலாளி ஒரே விதி வைத்திருந்தார்: எந்த ஊரில் நம் இணைப்பு அதிகமோ, அந்த ஊர் அணியின் ஆட்டம்.

அந்த வாரம் எலவனாசூர்கோட்டையில் ஆண்கள் ஆட்டம். அதே நேரம் எங்கள் ஊர் மைதானத்தில் வெள்ளிமலைப் பெண்களும் இன்னொரு மலையூர்ப் பெண்களும் மோத இருந்தார்கள்.

"மலையில எல்லா வூட்லயும் டிஷ்ஷு. பொம்பளப் புள்ளைங்க ஆட்டத்த யாரும்மா பாப்பா?" என்றார் முதலாளி.

நான் புகார் நோட்டைத் திறந்து காட்டினேன். ஞாயிறு மதியம் படம் தெரியவில்லை என்று அழைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். "அந்நேரம் ரிமோட்டு அவங்க கையிலதாங்க இருக்குது."

நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "செரி, போடறேன். ஊத்திக்கிச்சுன்னா அடுத்த வாரம் போன் எடுக்க வேற ஆளு."

பல் முளைக்கும் மகளை மாமியாரிடம் விட்டு வந்தது ஒரு கவலை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்பது இன்னொன்று. ஆட்டம் தொடங்கி வெகுநேரமாகியும் ஒரு போன்கூட வரவில்லை. யாருமே பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இடைவேளையில் விளம்பரம் போடுவதும் நான்தான். நகைக்கடை விளம்பரத்தை ஓடவிட்டு, குழந்தை பால் குடித்தாளா என்று என் செல்போனில் மாமியாரிடம் கேட்டேன். குடித்தாளாம். நம்பாமல் மறுபடியும் கேட்டேன். அதற்குள் இரண்டாம் பாதி தொடங்கிவிட்டது. நான் ஆட்டத்துக்கு மாற்றவே இல்லை.

மேஜையிலிருந்த இரண்டு போன்களும் ஒன்றாக அலறின.

"இன்னாம்மா, கோலு வுழுந்துச்சா இல்லியா? மைதானத்துல கத்தறது எங்க வூடு வரைக்கும் கேக்குது, நீ கம்மல காட்டிக்கினு இருக்க!"

அடுத்தவர் உளுந்தூர்பேட்டைப் பெண். "கொழம்ப அடுப்புல வுட்டுட்டு குந்திக்கினு இருக்கேங்க, சீக்கிரம் போடுங்க!"

பதறிப்போய் மாற்றினேன். வெள்ளிமலைப் பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். போன்கள் ஓயவில்லை. முதலாளி வாசலில் நிற்பதைப் பார்த்ததும் வேலை போயிற்று என்றே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த அழைப்பை அவரே எடுத்தார். பேசியது அவர் மனைவி. ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தும் அந்தத் திட்டு எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அன்றைய புகார்களை எழுத ஒரு பக்கம் போதவில்லை. திட்டு வாங்கி நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே கிடையாது.

கிளம்பும்போது முதலாளி சொன்னார்: "அடுத்த ஞாயித்துக்கெழமயும் பொண்ணுங்க ஆட்டந்தான். விளம்பரத்த மட்டும் நான் பாத்துக்கறேன்."