சுவரில் முளைத்த அரசமரம்

வேரைச் சுற்றி இறுகிக் கிடக்கும் பழைய சுண்ணாம்பில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஊறியதைச் சுரண்டி எடுக்கின்றன இரண்டு கைகள். வேர் அரை அங்குலம் வெளியே வந்தால், வெறுமையான இடத்தில் உடனே கல்சில்லும் புதுக் காரையும். அது இறுகிய பிறகுதான் அடுத்த இழுப்பு.

ராகினி, தண்ணீர்மலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் செடி வளர்த்துக்கொண்டிருந்தவர். இப்போது ஜார்ஜ்டவுனில், கீழே கடையும் மேலே வீடுமான பழைய கடைவீடுகளின் சுவர்களில் முளைக்கும் மரங்களை எடுக்கிறார். மருந்து ஊற்ற மாட்டார். உள்ளே வேர் மக்கினால் சுவரில் பொந்து விழும். வெட்டவும் மாட்டார். "அரசமரத்த கொன்னுட்டு வீட்டுல போய் எப்படி சோறு திங்கிறது?" என்பார். உயரத்தில் நிற்கும்போது வாயில் ஒரு கிராம்பு இருக்க வேண்டும்.

இன்று ஷேக் அலாவுதீனின் மசாலாக் கடைப் பின்சுவர். ஏற்கெனவே புடைத்திருக்கிறது. இன்னும் தள்ளினால் நகராட்சி சீல் வைக்கும். வாடகைக்கு இருக்கும் பாய் வெளியேற வேண்டும். வீட்டு முதலாளி காத்திருப்பதும் அதற்குத்தான். பழைய கட்டடத்தை இடிக்க அனுமதி கிடைக்காது; சுவர் தானாக விழுந்தால் புதுக் கட்டடம் எழுப்பலாம் என்பது அவர் எண்ணம். அவருடைய ஆள் கபிலன் போன மாதம் வந்து மரத்துக்கு மஞ்சள் துணி கட்டி, சாமி மரம், யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனான்.

பின்சந்தில் லாரி ஒன்று நுழைகிறது. சுவர் அதிர்கிறது, காரைத் துகள் உதிர்கிறது. ஒரு செங்கல் முன்னால் நழுவ, ராகினி அதைத் தோளால் முட்டுக் கொடுத்து நிற்கிறார். கீழே ஏணியைப் பிடித்திருக்கும் பாய், கடை போனால் போகட்டும், இறங்கிவிடு என்று கெஞ்சுகிறார்.

"பேசாதீங்க பாய். நீங்க பேசுனா ஏணி ஆடுது."

லாரி கடந்துபோகிறது. தோளை எடுக்காமலே ஒரு கையால் சில்லைத் திணித்துக் காரை பூசுகிறார். செங்கல் நிற்கிறது. கடைசி வேர், நுனி அறாமல், ஈரத்தோடு வழுக்கி வருகிறது.

நகராட்சிக்குக் காட்டப் புடைப்பைப் படமெடுக்கக் கைப்பேசியோடு கபிலன் வரும்போது, அடைத்த சுவரில் காரை காய்ந்துகொண்டிருக்கிறது. மரம் பெயிண்டு வாளி மண்ணில் நிற்கிறது. யாரைக் கேட்டு வெட்டினீர்கள் என்று சீறுகிறான்.

"யாரும் வெட்டல தம்பி. உசுரோட இருக்கு, பாருங்க. சாமி மரம்னு நீங்கதான சொன்னீங்க? முதலாளி வீட்டுச் சுவரோரமா வைக்கச் சொல்லுங்க லா."

வாளியை நீட்டுகிறார். கபிலன் ஒரு கையை நீட்டுகிறான். ராகினி விடவில்லை. அவன் கைப்பேசியைப் பைக்குள் போட்டு, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு கைகளையும் ஏந்திய பிறகுதான் விடுகிறார்.