மழைக்குப் பிடிக்கும் டயர்

எங்கள் கட்டடத்தில் அவரை எல்லோரும் லிப்ட்காரர் என்றே சொல்வோம். ஊரின் உயரமான கட்டடங்களில் லிப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. ஐம்பதைத் தாண்டிவிட்டார், கல்யாணம் ஆகவில்லை. இரண்டாவது மாடியில் தன் அக்காவோடு இருந்தார். யார் வீட்டில் குழாய் ஒழுகினாலும் கதவு சிக்கினாலும் கேட்காமலே கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். வேலை முடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார். அவருக்கும் சேர்த்துப் பேசுவதற்கு அக்கா இருந்தாள்.

அக்கா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். மூன்றாம் மாடிக்கும் கேட்கிற கணீர்க் குரல். பேச்சின் நடுவில் குக்கர் கூவினால், "லைன்லயே இருங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைத்து வருவாள். கணவன் இளமையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளை கிடையாது. தம்பிக்கு அக்கா, அக்காவுக்குத் தம்பி என்று காலம் ஓடிக்கொண்டிருந்தது.

சில வருஷங்களுக்கு முன் அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. அன்றிலிருந்து வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். லிப்ட்காரர் கம்பெனியில் கெஞ்சிக் கேட்டு மதியத்துக்கு மேல் வேலையாக மாற்றிக்கொண்டார். காலையில் அக்காவைத் தன் பழைய வெள்ளைக் காரில் ஏற்றிக்கொண்டு, மேம்பாலம் தாண்டி, கால்வாயை ஒட்டிய சாலையில் போய் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுக் காத்திருந்து அழைத்து வருவார்.

"டேய், இன்னிக்கு சலவை நாள்டா, கிளம்பு" என்பாள் அக்கா. அவளுக்கு டயாலிசிஸ் என்றால் சலவை. வெளுத்து, பிழிந்து, மடித்துத் திருப்பிக் கொடுக்கிறார்களாம்.

அவளுடைய இடது முழங்கைக்கு மேல் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்திருந்தார்கள். அந்த இடத்தில் தொட்டால் விர்ரென்று ஒரு அதிர்வு எப்போதும் இருக்கும். அது இருக்கிறவரைதான் டயாலிசிஸ் ஊசி போட வழி. தினமும் காலையில் தம்பி அங்கே இரண்டு விரல் வைத்துப் பார்ப்பார்.

"ஓடுதா?"

"ஓடுதுக்கா."

"ஸ்டார்ட் பண்ணிட்டு டிரைவர் டீ குடிக்கப் போன பஸ் மாதிரி கிடந்து உறுமுது பாரு" என்று சிரிப்பாள்.

அந்த வருஷத்தின் முதல் பெருமழை ஒரு சலவை நாளில் வந்தது. மேம்பாலத்தின் இறக்கத்தில் முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. லிப்ட்காரர் பிரேக்கை அழுத்தினார். கார் நிற்கவில்லை. தண்ணீரின் மேல் சோப்புக்கட்டி போல வழுக்கிக்கொண்டு போயிற்று. ஸ்டியரிங் கையில் இருந்தும் இல்லாத மாதிரி ஆயிற்று. வண்டி குறுக்காகத் திரும்பி, பின்சக்கரம் பாலத்தின் ஓரத் திட்டில் முட்டி நின்றது. பின்னால் வந்த லாரி ஹார்னை அலறவிட்டபடி உரசாத குறையாகத் தாண்டிப் போயிற்று.

"என்னடா இது, ராட்டினம் சுத்திக் காட்டுறியா?" என்றாள் அக்கா. குரல் வழக்கம் போலத்தான் இருந்தது.

அவர் மழையில் இறங்கிக் குனிந்து பார்த்தார். டயரில் கோடுகள் ஏறக்குறைய மறைந்திருந்தன. தேய்மானத்தைக் காட்டுவதற்காகப் பள்ளத்துக்குள் வைத்திருக்கும் சிறிய மேடு, மேல்பரப்போடு சமமாகிவிட்டிருந்தது. கம்பிவடத்தில் ஒரு இழை நைந்திருந்தாலும் லிப்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருகிற மனிதர். தன் வண்டிச் சக்கரத்தை மாதக்கணக்கில் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப் போட்டிருந்தார்.

"உன் தலையும் டயரும் ஒண்ணாயிடுச்சா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவருடைய வழுக்கையைத்தான் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு அக்காவை இயந்திரத்தில் சேர்த்த கையோடு, ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் இருந்த டயர் கடைக்குப் போனார். கடைக்காரர் வாய் நிறையப் பேசுகிறவர். மூன்று டயர்களை உருட்டிக்கொண்டு வந்து வரிசையாக நிறுத்தினார்.

"இது கெட்டி ரப்பர் சார். தேயவே தேயாது, அஞ்சாறு வருஷம் கண்ணை மூடிட்டு ஓட்டலாம். ஆனா மழையில சுமார்தான், பொய் சொல்ல மாட்டேன். இதோ, இது மெத்து ரப்பர். பள்ளம் எவ்வளவு ஆழம் பாருங்க, தண்ணியை அப்படியே வாரி வெளியே தள்ளிடும், ரோட்டை விடாது. மழைக்குப் பிடிக்கும் டயர் இதுதான். ஒண்ணே ஒண்ணு, சீக்கிரம் தேஞ்சிடும். ரெண்டு வருஷம், மிஞ்சினா ரெண்டரை."

"இது?"

"இது மலிவு. வண்டிக்கு நாலு சக்கரம் இருக்குன்னு காட்டிக்கலாம். உங்களுக்கு வேண்டாம்."

லிப்ட்காரர் டயரின் பக்கவாட்டில் பொறித்திருந்த எண்களைத் தேடிப் படித்தார். எந்த வருஷம், எந்த வாரம் வார்த்தது என்று அதில் இருக்கும். கடையில் சும்மா கிடந்தாலும் ரப்பர் இறுகிப்போகும். எல்லாம் புதிய சரக்குதான்.

"கொடுக்கிற காசுக்கு எது நல்லது?" என்றார் லிப்ட்காரர்.

"அது நீங்க சொல்றதுலதான் இருக்கு. வருஷத்துக்கு எவ்வளவு ஓட்டுவீங்க? இன்னும் எத்தனை வருஷம் ஓட்டுறதா உத்தேசம்?"

சாதாரணக் கேள்வி. எல்லா வாடிக்கையாளரிடமும் கேட்பதுதான். ஆனால் அந்தக் கார் வேலைக்குப் போவதைவிட அக்காவுக்காகப் போவதுதான் அதிகம். இன்னும் எத்தனை வருஷம் என்றால் என்ன அர்த்தம்? "யோசிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, கடைப் பலகையின் கீழே மழைக்கு ஒதுங்குகிறவர்போல நின்றுகொண்டிருந்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது அக்காவிடம் சொன்னார். அக்கா, டாக்டர் சொன்ன கணக்குப்படி தனக்கு அளந்து வைத்திருந்த அரை டம்ளர் தண்ணீரை நாக்கு நனைய மட்டும் உறிஞ்சிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டியது. "ஊரே தண்ணியில மிதக்குது, எனக்கு மட்டும் இவ்வளவுதான்" என்று டம்ளரைத் தூக்கிக் காட்டினாள். பிறகு, "ரெண்டு வருஷ டயரையே வாங்குடா. எனக்கு அதுவே ஜாஸ்தி" என்றாள்.

"அப்படிப் பேசாதேக்கா."

"பேசாம என்ன பண்ண? கையில ஓட்டம் குறைஞ்சிட்டு வருது. நர்ஸ் சொல்லலைன்னாலும் எனக்குத் தெரியாதா? அடுத்தது கழுத்துல குழாய் போடுவாங்க. அதுக்கப்புறம் தொடையில. நான் என்ன வீடா, எங்கெங்கயோ குழாய் போட?" டம்ளரைக் கீழே வைத்தாள். "எனக்குப் போதும்னு தோணுதுடா. சலவை பண்ணிப் பண்ணித் துணி நைஞ்சு போச்சு."

லிப்ட்காரர் வாழ்நாளில் அக்காவை எதிர்த்துக் கத்தியது அன்று ஒருநாள்தான். கீழ்வீட்டில் இருந்த எங்களுக்கே கேட்டது. "உனக்குப் போதும்னா எனக்கு? நான் யாருகிட்டப் போவேன்?" என்றார். அப்புறம் தட்டு விழுந்த சத்தம்.

அடுத்த சலவை நாளில் அவர் டயர் கடைக்குப் போய், கெட்டி ரப்பர் டயர் நாலையும் மாட்டச் சொன்னார். கடைக்காரரே தயங்கினார். "மழைக்காலம் சார், இது மழையில சுமார்தான்னு சொன்னேனே" என்றார். "இதுவே மாட்டுங்க" என்று மட்டும் சொன்னார். மழைக்கு எது பாதுகாப்பு என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. அஞ்சாறு வருஷம் உழைக்கும் என்று கடைக்காரர் சொன்ன சொல்லைத்தான் அவர் வாங்கினார். அக்கா காரில் ஏறும்போது, "இது ஆறு வருஷம் வரும். தேயிற வரைக்கும் நீ வந்தாகணும்" என்றார். அக்கா சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் ஒரு கேலிகூடச் செய்யாதது அவருக்குப் பிடிக்கவில்லை.

அதன் பிறகு மழை நாட்களில் அவர் காரை நடக்கிற வேகத்தில் ஓட்டினார். பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடித்துத் திட்டினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர நேரமாகும். அவளுக்கான கட்டிலில் வேறொருவர் படுத்திருப்பார். காத்திருந்து காத்திருந்து பொழுது சாயும். கையிலிருந்த அதிர்வும் மெலிந்துகொண்டே வந்தது. காலையில் விரல் வைத்துப் பார்க்கிறவர் மூச்சை அடக்கிக்கொண்டு தேட வேண்டியிருந்தது. கடைசியில் ஒருநாள் நின்றே போயிற்று. கழுத்தில் குழாய் போட்டார்கள்.

விடாமல் மழை பெய்த ஒரு காலை. மேம்பால இறக்கத்தில், அவ்வளவு மெதுவாகப் போயும், பின்பக்கம் ஒரு சாண் நகர்ந்து வழுக்கியது. உடனே நேராகிவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அக்கா கதவுப் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, அவர் கேட்டேயிராத சின்னக் குரலில் சொன்னாள்.

"பயமா இருக்குடா. வீட்டுக்குத் திருப்பு."

"தாண்டியாச்சுக்கா. இனிமே சமதரைதான்."

"திருப்புடா. மழை விட்டதும் போலாம்."

அவர் பாலத்தின் அடியில் காரைத் திருப்பினார்.

மழை விட்டது. அக்கா கிளம்பவில்லை. நாளைக்கு என்றாள். மறுநாள் வெயில் அடித்தது, அப்போதும் கிளம்பவில்லை. லிப்ட்காரர் டாக்ஸி கூப்பிட்டுக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். அது காத்திருந்துவிட்டுக் காலியாகத் திரும்பிப் போயிற்று. ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் பேசினாள், டாக்டர் பேசினார். அக்கா எல்லோரிடமும் பொறுமையாக, பழைய ஆபரேட்டர் குரலில், "நான் யோசிச்சுத்தான் சொல்றேன்" என்றாள். நாங்கள் போய்ப் பார்த்தபோது அவள் ஒரு பெரிய டம்ளர் நிறையக் குளிர்ந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். "எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா, இப்படி மடக்கு மடக்குனு குடிச்சு" என்றாள். தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

உடம்பு ஊதியது. மூச்சு வாங்கியது. படுக்க முடியாமல் தலையணைகளில் சாய்ந்தே இருந்தாள். பேச்சு குறைந்து, பிறகு யாரையோ யாருடனோ இணைத்துவிடுவது போல எண்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஒரு மதியம், தம்பி ஈரத்துணியால் கால்களைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போய்விட்டாள்.

நாங்கள் நேரில் பார்க்காததெல்லாம் லிப்ட்காரர் துண்டு துண்டாக எனக்குச் சொன்னதுதான். எப்போது சொன்னாலும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்.

"அவ முன்னாடியே முடிவு பண்ணிட்டாளா, இல்ல அன்னிக்கு வழுக்கினதுல பயந்துட்டாளா? நல்ல டயர் போட்டிருந்தா திருப்பச் சொல்லியிருக்க மாட்டாளே?"

"அவங்கதான் முன்னாடியே போதும்னு சொன்னாங்களே" என்பேன்.

"சொன்னா. ஆனா அதுக்கப்புறமும் வந்துட்டுத்தானே இருந்தா?"

இதையே டாக்டரிடமும் கேட்டிருக்கிறார். டாக்டர் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டாராம்.

பல மாதங்கள் கார் எங்கள் வாசல் மரத்தடியில் கிடந்தது. அவர் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தார். வீட்டில் விளக்கு எரியாது. ஒழுகும் குழாய்க்கு இப்போது நாங்கள்தான் வெளியாளைக் கூப்பிட்டோம். டயரில் காற்று இறங்கிக் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ரப்பர் வார்ப்பில் ஓரங்களில் முளைத்திருக்கும் மயிர் போன்ற நுனிகள்கூட அந்த டயர்களில் உதிரவில்லை.

அந்த ஆஸ்பத்திரி நர்ஸ்தான் ஒருநாள் அவருக்குப் போன் செய்தாள். எங்கள் தெருக்கோடியில் ஒரு வயதான தையல்காரர் இருந்தார். அவருக்கும் டயாலிசிஸ். இரண்டு பஸ் மாறிப் போகிறார், முடிந்தபின் நிற்கக்கூடத் தெம்பு இருப்பதில்லை, வேலைக்குப் போகுமுன் அவரைக் கொண்டுவிட முடியுமா என்று கேட்டாள்.

"என் வண்டி சரியில்லம்மா" என்று வைத்துவிட்டார். அவள் மறுபடியும் கேட்டாள். மறுபடியும் அதே பதில்.

பிறகு ஒரு காலையில் லிப்ட்காரர் கைப்பம்பால் காற்றடித்துக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. நேராக டயர் கடைக்குப் போயிருக்கிறார். அதிகம் ஓடாத டயரைக் கழற்றச் சொன்னதும் கடைக்காரர் திகைத்துப்போனார். "சார், இது புத்தம் புதுசு. இதைப் போய் யாராவது மாத்துவாங்களா? ரொம்ப நஷ்டம்" என்றாராம். "தெரியும், மெத்து ரப்பரைப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு சக்கரமும் இறுகும்வரை பக்கத்திலேயே நின்றிருக்கிறார்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் தையல்காரர் பின்சீட்டில் ஏறிக்கொள்கிறார். அதனால் லிப்ட்காரருடைய மனம் ஆறிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. முன்சீட்டில் யாரையும் உட்கார விடுவதில்லை. போகும்போதும் வரும்போதும் பேச்சே இல்லை. தையல்காரர் நல்ல மனிதர், பேசிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

போன வாரம் மழையில் நானும் பின்சீட்டில் போனேன். பாலத்தின் இறக்கத்தில் தையல்காரர், "மெதுவா போங்க தம்பி, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார்.

"டயர் நல்லாத்தான் இருக்கு" என்றார் லிப்ட்காரர், சாலையைப் பார்த்தபடியே. வேகத்தைக் குறைத்தார். ஆஸ்பத்திரி வாசலில் குடையை விரித்துத் தையல்காரரை உள்ளே கொண்டுபோய் விட்டார். திரும்பி வந்து கதவைச் சாத்தி, ஈரக் கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.