முப்பத்தொன்றாம் நம்பர் நெல்

ராமையா அண்ணன் போய்விட்டார். காலையில் வட்டவளையிலிருந்து அவர் மகள் கோல் எடுத்துச் சொன்னாள்... அழுகையைவிட ஆத்திரம்தான் வருகிறது.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. குளிர் தாங்கும் நெல்லைத் தேடி நுவரெலியா பக்கம் நாங்கள் போட்ட ட்ரயல் வயலில் அவர் கெஷுவல் லேபர், நான் டெக்னிக்கல் அசிஸ்டன்ட்.

குளிரில் நாற்று மஞ்சளானால் ரிஜெக்ட். அது ப்ரொஜெக்டை நடத்திய சேரின் சட்டம். முப்பத்தொன்றாம் நம்பர் ரகமும் அப்படித்தான் கழிந்தது.

அண்ணன் அதைப் பிடுங்கவில்லை. வயல் மூலையில் விட்டுவைத்தார். கதிர் முற்றியதும் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

"எல பழுத்தா என்னா மிஸ்? மத்ததெல்லாம் சப்பி, உள்ள ஒண்ணுமில்ல. இதுல மணி புடிச்சிருக்கு, அமுக்கிப் பாருங்க."

நாற்றைக் காக்கும் ஜீன் வேறு, பூக்கும் நேரத்துக் குளிரிலிருந்து கதிரைக் காக்கும் ஜீன் வேறு. கெம்பஸில் படித்தவள் நான்... அவர் விரலால் கண்டுபிடித்தார்.

சேரிடம் சொன்னேன். "ரிப்போர்ட் அனுப்பியாச்சு" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணனே அறுத்து, பையில் போட்டு, நம்பர் எழுதி, ஸ்டோரில் சப்பியாகி ரிஜெக்ட் ஆன பைகளோடு வைத்தார். அந்த ரகத்தில் வேறு விதை கிடையாது.

அப்புறம் தைப்பொங்கல் வந்தது. தேயிலை மலையில் யாருக்குச் சொந்த நெல் இருக்கிறது? எப்போதும் கடை அரிசிதான்.

"இந்த வருசமாவது நம்ம மண்ணுல வெளஞ்சதப் பொங்குவோம் மிஸ்." வயலில் வேலை செய்த எல்லோரும் கேட்டார்கள். அண்ணன் மட்டும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்.

ஸ்டோர் சாவி என்னிடம். ரிஜெக்ட் பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன்... எல்லாம் சப்பி. ஒரே ஒரு பை கனத்தது.

நம்பரைப் பார்க்கவில்லை. ஏன் இது மட்டும் கனக்கிறது என்றுகூட யோசிக்கவில்லை. குத்திப் பொங்கினார்கள், நானும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்த மாதமே ப்ரொஜெக்ட் மூடியாச்சு. ஆனால் ஒவ்வொரு தைக்கும் அண்ணன் போன் எடுத்துக் கேட்பார்.

"முப்பத்தொன்னு பத்திரமா இருக்கா மிஸ்?"

"இருக்குண்ணே."

எத்தனை வருடம் இந்தப் பொய்... ச்சே.

இன்று அவர் மகள் கேட்டாள். "வாய்க்கரிசி போட அந்த நெல்லுல ஒரு கைப்பிடி கெடைக்குமா மிஸ்? அப்பா அதத்தான் சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

போனை வைத்துவிட்டேன். இப்போது பஸ்ஸில் இருக்கிறேன். ஹட்டன் கடையில் வாங்கிய அரிசி மடியில் இருக்கிறது.

கடை அரிசிதாண்ணே... போயிட்டு வாங்க.