கோயம்புத்தூரில் இறங்காதவள்

என் அக்காவின் கணவரை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. கல்யாணத்துக்கு மறுநாள் திருவனந்தபுரத்தில் எங்கள் வலியசாலை வீட்டுக்கு வந்தவர், கூடத்தில் நின்று மேலே பார்த்து, "இந்த வீட்டுக்குக் காத்து எந்த வழியா வரும்?" என்று கேட்டார். நாகர்கோவிலில் பிறந்து, பம்பாயில் பெரிய கம்பெனி ஒன்றில் எஞ்சினியரானவர். என் அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரம். மாமனாரும் மருமகனும் அன்றைக்கே முறைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு, தீபாவளிச் சீர் அனுப்புவதுபோல, வருஷம் தவறாமல் ஒருவருக்கொருவர் அவமானத்தை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். நான் அப்போது ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட். அக்காவுக்கு இரண்டாவது குழந்தையும் பிறந்த சில நாட்களில் தவறிப்போன செய்தி பம்பாயிலிருந்து வந்தது. அவள் உடம்பு தேறவில்லை. இரண்டு மாதமாவது குளிர்ந்த மலைப் பிரதேசத்தில் வைத்திருங்கள், ரயிலில் அலைக்கழிக்காமல் விமானத்தில் கூட்டிப் போங்கள் என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார்.

பம்பாயிலிருந்து தெற்கே வரும் விமானம் அப்போது முதலில் கோயம்புத்தூரில் இறங்கும், அப்புறம் கொச்சியில், கடைசியில் எங்கள் ஊரில். அத்தானுடைய தம்பிக்குக் கோயம்புத்தூர் மில் ஒன்றில் உத்தியோகம். குன்னூரில் வீடு. அத்தானின் அம்மாவும் அங்கேதான். ஆகவே கோயம்புத்தூரில் இறங்கிக் குன்னூர் போவதாக அத்தான் எழுதினார். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. பொன்முடியில் சர்க்கார் பங்களாவுக்கு யார் யாரையோ பிடித்து அனுமதி வாங்கிவிட்டார். திருவனந்தபுரத்தில் இறங்கினால் நெடுமங்காடு, வித்துரா வழியாக அன்றைக்கே மலைக்குப் போய்விடலாம் என்று பதில் எழுதினார்.

அன்று தொடங்கிய சண்டை ஒரு மாதம் நடந்தது. உங்கள் பொன்முடியில் அட்டைப்பூச்சிதான் உண்டு, ஆஸ்பத்திரி உண்டா என்று அத்தான் கேட்டார். உங்கள் குன்னூருக்கு ஏறும் வளைவுகளில் சௌக்கியமானவனுக்கே குடல் வெளியே வரும் என்று அப்பா எழுதினார். எங்கள் ஏரோட்ரோமுக்கு மகாராஜாவின் விமானம் வந்து இறங்கியிருக்கிறது என்று ஒரு கார்டில் பெருமை. மகாராஜா சிகிச்சைக்கு எந்த ஊருக்குப் போனார் என்று அதற்கு ஒரு கார்டு. நடுவில் என் சித்தப்பா சமாதானமாக, "ரெண்டும் வேண்டாம், கொச்சியில எறங்கி மூணாறுக்குப் போகட்டுமே" என்று சொல்லிப் பார்த்தார். இரண்டு பக்கமும் அவர்மேல் பாய்ந்தது. அவர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் பல நாள் தலைகாட்டவில்லை.

ஒருநாள் சாப்பிடும்போது நான் கேட்டேன். "அக்காவுக்கு எங்க வரணும்னு யாராவது கேட்டியளா?"

அப்பா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "அவளுக்கு என்ன தெரியும்? நீ உனக்க ஜோலியப் பாரு."

அம்மா மோர் ஊற்றிவிட்டு உள்ளே போனாள். அவள் அந்த ஒரு மாதமும் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அவள்மேலும் எரிச்சலாக இருந்தது.

கடைசியில் அத்தான் இறங்கி வந்தார். திருவனந்தபுரத்துக்கே இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டதாகத் தந்தி வந்தது. அப்பா அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு கடைத்தெரு முழுவதும் நடந்தார். மருமகன் பிளேனில் வருகிறான் என்று சொல்லாத ஆள் இல்லை. வீட்டில் பந்துக்களைக் கூட்டி, எங்கள் முறைப்படி பெரிய சமையலுக்கு ஏற்பாடு செய்தார். பெண்ணைப் பார்க்கப் போகும் சந்தோஷத்தை நான் அவர் முகத்தில் தேடினேன். ஜெயித்த சந்தோஷம்தான் இருந்தது.

சங்குமுகம் கடற்கரைக்குப் பக்கத்தில் விமானம் இறங்குவதைப் பார்க்க அப்பாவும் நானும் வாடகைக் காரில் போயிருந்தோம். படியில் ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். கடைசியில் அக்கா. கையில் ஒரு சின்னப் பை. பின்னால் யாரும் இல்லை. அவள் மெலிந்திருந்த மெலிவில் நான் ஒரு கணம் அது அவள்தானா என்று பார்த்தேன்.

அப்பாவின் முதல் கேள்வி, "மருமவன் எங்க?"

"கோயம்புத்தூர்ல எறங்கிட்டாரு."

"எறங்கிட்டாருன்னா? பெட்டி?"

"பெட்டியையும் எறக்கிட்டாரு. நான்தான் எறங்கல."

காரில் அவள் சொன்னாள். திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் எடுத்ததே அப்பாவின் வாயை அடைப்பதற்காக. கோயம்புத்தூரில் விமானம் நின்றதும் அத்தான் எழுந்து, இங்கே இறங்குகிறோம், தம்பி கார் கொண்டுவந்திருக்கிறான் என்றிருக்கிறார். அவள் இடுப்புப் பட்டையை அவிழ்க்கவில்லை. அவர் குனிந்து மெல்லிய குரலில் மிரட்டியிருக்கிறார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததும், வேறு வழியில்லாமல் சிரித்துக்கொண்டே இறங்கிப் போயிருக்கிறார்.

"பட்டையப் பிடிச்ச பிடிய நான் விடல" என்றாள் அக்கா. "கொச்சி வந்த பிறவுதான் விட்டேன்."

அப்பா பெருமைப்படுவார் என்று நான் நினைத்தேன். ஒரு மாதம் அவர் போட்ட சண்டையை அவள் ஒருத்தியாக முடித்துவிட்டு வந்திருக்கிறாள். ஆனால் அவர் முகம் கறுத்துவிட்டது.

"புருஷன விட்டுட்டுத் தனியா வந்து நின்னா வீட்டுல இருக்கவன்கிட்ட நான் என்ன சொல்லுவேன்? அத்தன பேரு வந்து இருக்கான்."

"நீங்கதான அப்பா இங்க வரச் சொன்னிய?"

"அவனோட வரச் சொன்னேன்!"

அவர் டிரைவரிடம் திரும்பி, வீட்டுக்குப் போக வேண்டாம், நேரே பொன்முடிக்கு விடு என்றார். கிழக்கே கோட்டைப் பக்கம் வந்ததும் தான் மட்டும் இறங்கிக்கொண்டார். விருந்தாளிகளிடம் ஏதாவது சொல்லி அனுப்ப வேண்டுமே. அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நான் கெஞ்சினேன். "பாத்துப் போவணும்னு ஒண்ணும் இல்ல" என்று கதவை அடித்துச் சாத்தினார். எங்கள் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம். அக்கா அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அவளுக்குப் பதிலாக நான் அப்பாவை மனதுக்குள் திட்டிக்கொண்டே நெடுமங்காடு வரை போனேன். இன்றைக்கும் அந்தக் கதவுச் சத்தத்துக்காக அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வித்துராச் சந்தையில் டிரைவர் நிறுத்தினார். அக்காவுக்கு ஒரு சோப்பும், சீப்பும், கம்பளியும் வாங்கினேன். அவளிடம் மாற்றுச் சேலைகூட இல்லை. மலையில் ஏற ஏறப் பனி மஞ்சாக மூடிக்கொண்டது. பங்களாவில் காவல்காரர் விறகு மூட்டிப் பால் இல்லாத கட்டன் சாயா கொடுத்தார். எல்லாம் ஈரவாடை அடித்தது. ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை. இதற்காகவா இத்தனை சண்டை என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அக்காவோ போர்த்திக்கொண்டு படுத்தவள், மறுநாள் மத்தியானம்வரை எழுந்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா வந்துவிட்டாள். அப்பாவிடம் சொல்லாமல், வித்துராவரை பஸ்ஸிலும், அப்புறம் தேயிலைத் தோட்டத்து லாரி ஒன்றிலும் ஏறி, துணி மூட்டையோடு வந்திருந்தாள். தனியாகக் கடைத்தெருவுக்குக்கூடப் போகாதவள். லாரியில் எப்படி ஏறினாய் என்று கேட்டதற்கு, "காலைத் தூக்கி வச்சுத்தான்" என்றாள்.

அடுத்த விமானத்தில் அத்தான் வந்து இறங்கினார். எந்த ஏரோட்ரோமுக்கு வராமல் பாதியில் இறங்கினாரோ, அதே ஏரோட்ரோமில். அதைவிட எனக்கு ஆச்சரியம், பங்களா வாசலில் நின்ற காரிலிருந்து அவரும் அப்பாவும் சேர்ந்து இறங்கியதுதான். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்பது முகத்திலேயே தெரிந்தது. அத்தானின் பையை அப்பா தூக்கிக்கொண்டு வந்தார்.

"பெட்டி எங்க?" என்று கேட்டேன்.

"குன்னூர்ல இருக்கு. வேணும்னா வந்து எடுத்துக்கிடட்டும்" என்றார் அத்தான்.

அப்பா அக்காவின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மக்கா, நாங்க ரெண்டு பேரும் பேசியாச்சு. வெள்ளிக்கிழம பிளேன்ல நீ அவருகூட கோயம்புத்தூர் போற. குன்னூரு நல்ல ஸ்தலம்தான். டாக்டரும் உண்டு."

ஒரு மாதமாகக் குடல் வெளியே வரும் என்று சொல்லிக்கொண்டிருந்த வாய் அது.

அக்கா அத்தானைப் பார்த்துப் பேசினாள். "மொதல் பிள்ள போனப்போ என்ன அங்கதான கொண்டு விட்டிய? உங்க அம்ம எனக்குன்னு ஒரு தட்டு, ஒரு தம்ளர் தனியா வச்சிருந்தா. உங்க தம்பி பிள்ளைய நான் பாக்கப்பிடாதுன்னு கதவ அடச்சு வைப்பா. பிள்ளைய முழுங்கினவன்னு வேலைக்காரிகிட்டச் சொன்னா. நான் உங்களுக்கு எழுதினேன். நீங்க என்ன எழுதினிய?"

"வயசானவங்க பேசுறத எல்லாம் மனசுல வைக்கப்பிடாது" என்றார் அத்தான்.

"இதத்தான் அப்பவும் எழுதினிய."

"இப்ப என்ன சொல்லுகே? வருவியா, வரமாட்டியா? வரலேன்னா பின்ன எப்பவும் வர வேண்டாம்."

அப்பா பதறிப்போய், "அவ வருவா, மருமவனே, வருவா" என்று எழுந்தார். அக்காவின் கையைப் பிடித்து எழுப்பப் போனார். அதுவரை சுவரோரம் நின்றிருந்த அம்மா வந்து அந்தக் கையைத் தட்டிவிட்டாள். ஓங்கித் தட்டினாள். எங்கள் வீட்டில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை.

"நீங்க ரெண்டு பேரும் வந்த வண்டியிலேயே போங்க" என்றாள். "ரெண்டு பேருக்கும் ஒத்துப்போச்சுல்லா? சந்தோஷம். எனக்க மவ எங்கயும் வரல."

"எட்டி, உனக்குப் பைத்தியமா?" என்று அப்பா கத்தினார்.

"ஆமா. போங்க."

அத்தான் அக்காவை ஒருமுறை பார்த்தார். அவள் எழுந்திருப்பாள் என்று எதிர்பார்த்தார்போல. அவள் கம்பளியை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அவர் தன் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அப்பாவும் பின்னாலேயே போனார். கார் மஞ்சுக்குள் இறங்கும்வரை இருவரும் மாறி மாறி எங்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தது எங்களுக்குக் கேட்டது.

அனுமதி இருந்த நாள்வரைக்கும் அக்காவும் அம்மாவும் பொன்முடியில் இருந்தார்கள். எனக்கு லீவு தீர்ந்து நான் இறங்கிவிட்டேன். அப்பா என்னோடும் பேசவில்லை. அவர்கள் திரும்பி வந்தபோது, கடையிலேயே படுக்கையைப் போட்டுக்கொண்டார். பந்துக்களிடம் மட்டும், மகள் ஆரோக்கியத்துக்காக வந்திருக்கிறாள், மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். அதை யாரும் நம்பவில்லை. நம்பாதவர்கள் அக்காவைத்தான் கோயில் வாசலில் நிறுத்திக் கேட்டார்கள். சிலர் அவள் எதிரே வந்தால் கைக்குழந்தையைத் தோளில் மறுபக்கம் மாற்றிக்கொண்டார்கள். குன்னூர் எங்கள் தெருவிலும் இருந்தது.

அக்கா பம்பாயில் இந்தி கற்றிருந்தாள். பரீட்சைக்குப் படிக்கும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். முதலில் எங்கள் வீட்டுக் கூடத்தில். பெண்கள் அதிகமானதும் அப்பா முணுமுணுக்க, ஸ்ரீவராகத்தில் ஒரு வீட்டின் முன்பகுதியை வாடகைக்கு எடுத்துக்கொண்டாள். அம்மா அவளோடு போய்விட்டாள். உடம்பு மெல்லத் தேறியது. கோபம் தேறவில்லை. அவள் அத்தானைப் பற்றிப் பேசும்போது ஒருபோதும் அழுததில்லை, ஒருபோதும் சிரித்ததும் இல்லை.

அத்தான் வேறு கல்யாணம் செய்துகொண்டதாகக் கேள்விப்பட்டோம். சில வருஷம் கழித்து நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"அக்கா சுகமா இருக்காளா?" என்று கேட்டார். நல்லவர்போலத்தான் கேட்டார்.

சொல்ல எனக்கு எத்தனையோ இருந்தது. அவருக்கு எதையும் கொடுக்க மனமில்லை, ஆமாம் என்ற ஒரு வார்த்தையைக்கூட. அவர் முகத்தை நேராக ஒருமுறை பார்த்தேன். பிறகு சாப்பிடப் போனேன்.