கட்டிலுக்கு அடியில் இருந்த பொட்டலங்கள்

காலேஜ் கெஸ்ட் ஹவுஸில் கூட்டிப் பெருக்கிச் சமைப்பது என் வேலை. அதற்கு முன்னால் பதினோரு வருசம் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைத்தேன்.

வெளியூரிலிருந்து ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் இங்கே மாசக்கணக்கில் தங்குவார்கள். ஃபெல்லோஷிப் என்பார்கள். படித்து முடித்தவர்களுக்கு இன்னும் படியுங்கள் என்று சம்பளம். நல்லதுதான். பாறையைப் பார்க்க வருவார்கள், கல்வெட்டைப் பார்க்க வருவார்கள். போகும்போது கும்பிடுவார்கள். அப்புறம் முகம் மறந்துபோகும்.

போன வருசம் ஒரு டீச்சர் சென்னையிலிருந்து வந்தார். சின்ன வயசு. காலையில் போவார், பொழுது சாயத் திரும்புவார். என்ன ஆராய்ச்சி என்று நான் கேட்டதில்லை.

ஒருநாள் அவர் கட்டிலுக்கு அடியில் கூட்டினேன். ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பொட்டலம். ஒன்றைப் பிரித்தேன். சாம்பல் நிறத் தூள். விரலில் தேய்த்தால் வெள்ளியாய் மினுங்கியது. பக்கத்திலேயே இஸ்திரிப் பெட்டி, சூடு ஆறவில்லை.

கம்பெனியில் மிஞ்சின மருந்து ராத்திரி தங்கக்கூடாது. தண்ணீரில் கொட்டிவிட்டுத்தான் வேன் ஏறுவோம். அதை யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். வாளியை நிரப்பினேன். அத்தனை பொட்டலத்தையும் பிரித்துக் கொட்டினேன். தரையைத் துடைத்துவிட்டுச் சோறு வைக்கப் போனேன்.

டீச்சர் வந்து வாளியைப் பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, மூணு மாச வேலை."

"மருந்து இருக்கிற ரூம்ல படுக்கக்கூடாது டீச்சர்."

"மருந்து இல்லக்கா. பட்டாசு வேலைக்குப் போறவங்க வீட்டுக்குள்ள கூட்டின தூசி. இது தீப்பத்தாது."

அடுத்த மாசம் அதைக் காட்டினால்தான் ஃபெல்லோஷிப் இன்னும் ஆறு மாசம் கிடைக்கும், இல்லையென்றால் ஊருக்குப் போகவேண்டியதுதான் என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்புறம் கேட்டார். "வீட்டுத் தூசியைப் பாத்து மருந்துன்னா நினைச்சீங்க?"

"ஆமா."

அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீடுகளுக்கு நானும் கூடப் போனேன். முன்னே அவர் தனியாகப் போனபோது பாதி வீட்டில் கதவு திறக்கவில்லையாம். கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம். என்னைப் பார்த்ததும் திறந்தார்கள். எல்லாம் கூட வேலை பார்த்தவர்கள்.

"என்னத்தா, நீயும் டீச்சராயிட்டியா?"

"ஆமா. விளக்குமாத்தைக் குடு."

"ஏன், என் வீடு அம்புட்டு அசிங்கமாவா இருக்கு?"

சிரித்துக்கொண்டே கூட்டிக் கொடுத்தார்கள். டீச்சர் பொட்டலம் கட்டி, மேலே எழுதினார்.

நாலு ஞாயிறு போனோம். பழைய கணக்குக்கு ஒரு வீடு குறைந்தது.

"என் வீட்டுக்கு வாங்க" என்றேன்.

"நீங்க இப்பப் பட்டாசு வேலைக்குப் போறதில்லையேக்கா."

"ரெண்டு வருசமாச்சு. எங்க வீட்ல வேற யாரும் போகலை. சும்மா வாங்க."

பீரோவை நகர்த்தி அடியில் கூட்டினேன். அந்த இடத்தில்தான் முன்பு வேலைச் சேலையைக் கழற்றிப் போடுவேன். பிள்ளைகள் படுப்பதும் அங்கேதான்.

தாளில் எடுத்து வெயிலில் காட்டினேன். மினுங்கியது.

நானே மடித்துக் கட்டினேன்.